அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பம்: சப்ளிமென்டல் எஸ்ஸே எழுதுவது எப்படி?

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் தளமான காமன் ஆப்பின் 650 சொல் முதன்மைக் கட்டுரையை மாதக்கணக்கில் செதுக்குகிறார்கள். சப்ளிமென்டல் எஸ்ஸேக்களையோ டெட்லைனுக்கு முந்தின வாரத்தில் அவசர அவசரமாக எழுதுகிறார்கள். இந்த வரிசை தவறு. முதன்மைக் கட்டுரை ஒன்றே எல்லாக் கல்லூரிகளுக்கும் போகிறது. சப்ளிமென்ட் மட்டும்தான் ஒரு குறிப்பிட்ட கல்லூரி உங்களிடம் நேரடியாகக் கேட்கும் கேள்வி. மதிப்பெண்ணும் பாடத்தேர்வும் ஒரே மாதிரி உள்ள பல கோப்புகள் மேசையில் இருக்கும்போது, இவர் ஏன் இங்கே வர வேண்டும் என்று விண்ணப்பத்தைப் படிக்கும் அட்மிஷன் அதிகாரிக்குப் புரியவைப்பது அந்தச் சிறிய விடைகள்தான்.

எல்லா விடைகளுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு: விண்ணப்பத்தின் வேறு எந்தப் பகுதியிலும் இல்லாத ஒன்றை ஒவ்வொரு விடையும் சொல்ல வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் கேள்விகளைத் திரட்டுங்கள்

காமன் ஆப் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று புதிய சுற்றுக்குத் திறக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளின் கேள்விகள் அன்றைக்கே அல்லது அதற்குச் சற்று முன்னரே வெளியாகிவிடும். கேள்விகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. போன வருடம் விண்ணப்பித்தவர் கொடுத்த பட்டியலை நம்பி எழுதத் தொடங்காதீர்கள். அதை மாதிரியாகப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில கல்லூரிகளின் கட்டுரைக் கேள்விகள் தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாது. கல்லூரியின் "கேள்விகள்" பகுதிக்குள் போய், எந்த மேஜர் (முதன்மைப் பாடம்), எந்தப் பிரிவு, எந்தச் சுற்று என்று தேர்ந்தெடுத்த பிறகுதான் அதற்குரிய எஸ்ஸே கேள்வி முளைக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கல்லூரிக்கு ஒரு கேள்வி, கலை அறிவியல் கல்லூரிக்கு வேறு கேள்வி. ஹானர்ஸ் திட்டம், உதவித்தொகை என்று ஒரு கட்டத்தில் டிக் செய்தால் கூடுதலாக இன்னொரு கட்டுரை திறக்கலாம். டிசம்பர் 31 இரவு இதைக் கண்டுபிடிப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஆகவே பட்டியலில் உள்ள எல்லாக் கல்லூரிகளையும் ஆகஸ்டிலேயே காமன் ஆப்பில் சேர்த்து (அதிகபட்சம் 20 சேர்க்கலாம்), எல்லாத் தேர்வுப் பெட்டிகளையும் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒரே கல்லூரியில் சில கட்டுரைகள் "கேள்விகள்" பகுதியிலும், சில "ரைட்டிங் சப்ளிமென்ட்" என்ற தனிப் பகுதியிலும் இருப்பதும் உண்டு. இரண்டையும் திறந்து பாருங்கள்.

பிறகு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போடுங்கள். கல்லூரி, கேள்வி (வரிக்கு வரி அப்படியே), சொல் வரம்பு, கட்டாயமா விருப்பமா, டெட்லைன், கேள்வியின் வகை, எந்த அனுபவத்தைச் சொல்லப் போகிறீர்கள் என்று ஏழு பத்திகள் போதும். எட்டுக் கல்லூரிகள் என்றால் இருபது விடைகளுக்கு மேல் வருவது சகஜம். வரம்பு சொற்களிலா எழுத்துக்குறிகளிலா என்பதையும் குறித்து வையுங்கள். எழுத்துக்குறி வரம்பில் இடைவெளியும் கணக்கு.

டெட்லைன்கள் பெரும்பாலும் இப்படி அமையும்: ஏர்லி டிசிஷன், ஏர்லி ஆக்‌ஷன் சுற்றுகளுக்கு நவம்பர் 1 அல்லது 15, ரெகுலர் சுற்றுக்கு ஜனவரி முதல் வாரம். ஏர்லி ஆக்‌ஷனில் சேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை; ஏர்லி டிசிஷனோ இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய ஒப்பந்தம். எனவே அந்தக் கல்லூரியின் விடைகளை முதலில் முடியுங்கள். ஆனால் மனத்துக்கு மிகப் பிடித்த கல்லூரியின் கேள்வியில் கை பழகாதீர்கள். பட்டியலில் நடுவில் இருக்கும் ஒரு கல்லூரிக்கு முதல் இரண்டு விடைகளை எழுதிப் பழகிவிட்டு இதற்கு வாருங்கள்.

எந்தக் கல்லூரி கட்டுரைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. கல்லூரியின் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் அந்த ஆவணத்தில் சி7 என்ற அட்டவணை, கட்டுரை மிக முக்கியமா, முக்கியமா, கணக்கில் கொள்ளப்படுமா, கொள்ளப்படாதா என்று சொல்லிவிடும். விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வத்தைக் கல்லூரி பார்க்கிறதா என்ற வரியும் அதே அட்டவணையில் இருக்கிறது. பார்க்கிறது என்றால் "ஏன் எங்கள் கல்லூரி" கேள்விக்கு இன்னும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

எழுதும் முன் உங்கள் கோப்பை நீங்களே படியுங்கள்

படிப்பவர் கையில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது? மதிப்பெண் பட்டியல், ஆசிரியர்களின் பரிந்துரைகள், முதன்மைக் கட்டுரை, பத்துச் செயல்பாடுகள் வரை (ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துக்குறி விவரம்). இவற்றில் வந்துவிட்டதைச் சப்ளிமென்டில் மறுபடி சொன்னால் அந்த இடம் வீண். முதன்மைக் கட்டுரை விவாத மேடையைப் பற்றியது என்றால், சப்ளிமென்டில் விவாத மேடை வேண்டாம். உங்கள் வாழ்க்கையில் பதினைந்து அனுபவங்களையாவது ஒரு தாளில் எழுதுங்கள்: வீட்டு வேலை, தம்பிக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தது, பாதியில் கைவிட்ட திட்டம், மனத்தை மாற்றிய ஒரு சண்டை எல்லாம் வரட்டும். பரிசு வாங்கியவற்றை மட்டும் எழுதாதீர்கள். இந்தப் பட்டியலிலிருந்துதான் ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றைப் பங்கிடப் போகிறீர்கள்.

"ஏன் எங்கள் கல்லூரி?"

மிக அதிகமாக வரும் கேள்வி இது. மிக அதிகமாகக் கெட்டுப்போகும் விடையும் இதுவே. மாணவர்கள் கல்லூரியைப் புகழ ஆரம்பித்துவிடுகிறார்கள். படிப்பவர் அந்தக் கல்லூரியில் வேலை பார்ப்பவர். அதன் தரவரிசையும் வளாகத்தின் அழகும் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது நீங்கள் மட்டுமே.

ஜார்ஜியா டெக் கேட்டுவரும் கேள்வியை எடுத்துக்கொள்வோம்: இந்த மேஜரை ஏன் படிக்க விரும்புகிறீர்கள், அதையும் இங்கே ஏன்? வரம்பு 300 சொற்கள். வழக்கமான விடை இப்படி இருக்கும் (உண்மை விடை ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே பொருள் மட்டும்):

"ஜார்ஜியா டெக் உலகத் தரம் வாய்ந்த நிறுவனம். தலைசிறந்த பேராசிரியர்கள், நவீன ஆய்வுக்கூடங்கள், பல பண்பாடுகளைச் சேர்ந்த மாணவர்கள் என்று என் கனவுகளை நனவாக்கத் தேவையான அனைத்தும் இங்கே உள்ளன."

பெயரை எடுத்துவிட்டு வேறு ஒரு கல்லூரியின் பெயரைப் போடுங்கள். ஒரு சொல்லும் மாறாது. அப்படியானால் இது விடையே அல்ல. இப்போது இன்னொன்று:

"தாத்தாவுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் பெட்டி ஒன்று செய்தேன். மின்சுற்றில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு வாரத்தில் அவர் அதை அலமாரிக்குள் வைத்து மூடிவிட்டார். அலாரச் சத்தம் ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்துகிறதாம். கருவி வேலை செய்தால் போதும் என்று நினைத்திருந்த எனக்கு, அதைப் பயன்படுத்தும் மனிதரைப் படிக்கவில்லை என்பது அப்போது உறைத்தது. ஜார்ஜியா டெக்கின் கணினி அறிவியல் படிப்பில் த்ரெட் எனப்படும் பாடப்பிரிவுகளில் இரண்டைத் தேர்ந்தெடுத்து இணைக்கலாம். 'டிவைசஸ்', 'பீப்பிள்' இரண்டையும் சேர்த்து எடுத்தால், நான் பிரித்து வைத்துத் தோற்ற இரண்டையும் ஒன்றாகப் படிக்க முடியும். பல செமஸ்டர்கள் தொடரும் விஐபி (வெர்ட்டிகலி இன்டகிரேட்டட் புராஜெக்ட்ஸ்) திட்டக் குழு ஒன்றில், முதியவர்களோடு உட்கார்ந்து சோதித்துத் திருத்தும் வேலையைச் செய்ய விரும்புகிறேன்."

இதில் பெயரை மாற்ற முடியாது. இது எப்படி உருவானது என்று பாருங்கள். தன் பக்கத்திலிருந்து ஒரு தேவை, கல்லூரியின் பக்கத்திலிருந்து அதற்குப் பொருந்தும் ஓர் அமைப்பு, இரண்டும் சேர்ந்தால் தான் என்ன செய்யப் போகிறார் என்ற ஒரு செயல். இப்படிப்பட்ட இணைப்பு இரண்டு இருந்தால் 300 சொல்லுக்குப் போதும்; 550 சொல் என்றால் மூன்று. ஏழெட்டுப் பெயர்களை அடுக்கினால் வலைத்தளத்தின் பட்டியலாகிவிடும்.

விவரங்களை எங்கே தேடுவது? முகப்புப் பக்கத்தில் இல்லை. துறையின் பக்கத்துக்குப் போய்ப் பட்டம் பெறத் தேவையான பாடங்களைப் பாருங்கள். பாட அட்டவணையில் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்களின் விவரத்தைப் படியுங்கள். ஆய்வுக்குழுக்களின் பக்கம், மாணவர் நாளிதழ், மாணவர் அமைப்புகளின் பட்டியல் ஆகியவற்றையும் பாருங்கள். கல்லூரியின் கல்வி முறையே மற்றவற்றிலிருந்து வேறுபட்டால் அதைத் தொடாமல் விடாதீர்கள். பிரவுனில் 1969 முதல் இருக்கும் ஓப்பன் கரிகுலம் பொதுக் கட்டாயப் பாடங்கள் இல்லாதது. கொலம்பியாவின் கோர் கரிகுலம் அதற்கு நேர் எதிர். முன்னதற்குக் கட்டற்ற தேடலைப் பற்றியும் பின்னதற்கு எல்லாரும் ஒரே நூலைப் படித்து விவாதிப்பதைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும். இரண்டுக்கும் ஒரே பத்தியை அனுப்புபவர் இரண்டையுமே படிக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

பேராசிரியர் பெயரைக் குறிப்பிட்டால் அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா, இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறாரா என்று உறுதிசெய்யுங்கள். பாடம் சென்ற இரண்டு ஆண்டுகளில் நடத்தப்பட்டதா என்று பாருங்கள். முதுநிலை மாணவர்களுக்கு மட்டுமான பாடத்தைச் சொல்லி ஆசைப்படுவது அடிக்கடி நடக்கும் பிழை. அந்தப் பேராசிரியரின் ஆய்வைப் பற்றி ஒரு வாக்கியமாவது சொந்தமாகச் சொல்ல முடியாவிட்டால் பெயரே வேண்டாம்.

யேல் கேட்பதுபோல் வரம்பு 125 சொல்தான் என்றால், முன்னுரைக்கு இடமே இல்லை. முதல் வாக்கியமே பொருளுக்குள் இருக்க வேண்டும்.

சமூகம், அடையாளம், கண்ணோட்டம்

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளும் முறைக்கு முடிவு கட்டியது. ஆனால் தன் வாழ்க்கையை இனம் எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் எழுதுவதைப் பல்கலைக்கழகங்கள் கருத்தில் கொள்ளத் தடையில்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. அதற்குப் பிறகு பல கல்லூரிகள் பின்னணியையும் வாழ்வனுபவத்தையும் பற்றிய கேள்விகளைச் சேர்த்தன, அல்லது இருந்தவற்றைத் திருத்தி எழுதின.

இங்கே "சமூகம்" என்பது மதமோ மொழியோ ஊரோ மட்டுமல்ல. காலை ஐந்தரை மணி நீச்சல் பயிற்சிக்கு வருபவர்கள், பள்ளிப் பேருந்தின் பின்வரிசை, ஒரு மென்பொருளின் பிழைகளைத் திருத்தும் தன்னார்வலர்கள் எல்லாரும் சமூகமே. மிச்சிகன் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் கேட்ட கேள்வியில் இரண்டு பாதிகள் உண்டு: உங்கள் சமூகத்தை விவரியுங்கள், அதில் உங்கள் இடம் என்ன என்று சொல்லுங்கள். முதல் பாதிக்கு 250 சொல் கொடுத்து இரண்டாம் பாதியை 50 சொல்லில் முடிப்பதுதான் வழக்கமான சரிவு. திருப்பிப் போடுங்கள். மூன்றில் ஒரு பங்கு சமூகம், மூன்றில் இரண்டு பங்கு நீங்கள் அங்கே என்ன செய்கிறீர்கள், அது உங்களை எப்படி மாற்றியது.

தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் இந்தக் கேள்விக்குப் பொங்கல், பரதம், பாட்டியின் சமையல் என்று பொதுப் படத்தை வரைவதைப் பார்க்கிறோம். பொருள் தவறில்லை. அந்தப் படத்தில் எழுதுபவர் இல்லை என்பதுதான் குறை. வீட்டுக்கு வரும் வங்கிக் கடிதங்களைப் பெற்றோருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் பிள்ளை, அந்த வேலையில் எதைச் சொல்லாமல் விட்டார், ஏன் விட்டார் என்று எழுதினால் அது அவருடைய கட்டுரை. துயரத்தை எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எழுதினால், ஆறாத காயத்தை அல்ல, நிதானமாகப் பேச முடிந்ததை எழுதுங்கள்.

கல்லூரிக்கு நீங்கள் என்ன கொண்டுவருவீர்கள் என்று கேள்வி முடிந்தால், கடைசி இரண்டு வாக்கியங்கள் அதற்குத் தெளிவான பதிலாக இருக்கட்டும்.

மிகச் சிறிய விடைகள்

ஸ்டான்ஃபோர்டும் பிரின்ஸ்டனும் 50 சொல் கேள்விகள் கேட்டுவந்திருக்கின்றன. யேலின் சில விடைகளுக்கு வரம்பு 200 எழுத்துக்குறிகள், ஏறக்குறைய 35 சொற்கள். இவற்றில் கேள்வியைத் திரும்பச் சொல்லித் தொடங்காதீர்கள். "எனக்கு மகிழ்ச்சி தருவது என்னவென்றால்" என்பதிலேயே பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஒரே ஒரு பொருள், அதைப் பற்றி ஒரே ஒரு துல்லியமான விவரம், போதும். படித்த நூல்களைப் பட்டியலிடச் சொல்லும் கொலம்பியா போன்ற இடங்களில், ஈர்ப்பதற்காகப் படிக்காத நூலைச் சேர்க்காதீர்கள். காமிக்ஸும் பாட்காஸ்டும் கனமான நூலின் பக்கத்தில் நிற்பது உங்கள் உண்மையான முகத்தைக் காட்டும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் விசித்திரக் கேள்விகள் தனி ரகம். "எக்ஸைக் கண்டுபிடி" என்று மட்டும் ஒரு வருடம் கேட்டார்கள். இங்கே நகைச்சுவையை விடச் சிந்தனையின் நடைதான் முக்கியம்: ஒரு கருத்தை எடுத்து, அதைத் தீவிரமாகப் பின்தொடர்ந்து, தொடங்கிய இடத்திலிருந்து வேறோர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

கலிபோர்னியா தனி வழி

யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் காமன் ஆப்பைப் பயன்படுத்துவதில்லை. எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் எழுத வேண்டும். நான்கு விடைகளும் நீங்கள் தேர்ந்த எல்லா வளாகங்களுக்கும் அப்படியே போகும். ஆகவே ஒரு வளாகத்தின் பெயரைக் குறிப்பிடக் கூடாது. எட்டுக்கும் சம மதிப்பு. எதைத் தேர்ந்தாலும் கூடுதல் லாபமில்லை. இங்கே இலக்கிய நடை தேவையில்லை. என்ன செய்தேன், எப்படிச் செய்தேன், என்ன ஆயிற்று என்று நேர்முகத் தேர்வில் பதில் சொல்வதுபோல் எழுதுங்கள். சொன்னவற்றுக்குச் சான்று கேட்டு விண்ணப்பதாரர்கள் சிலரைச் சரிபார்க்கும் வழக்கமும் யூசியில் உண்டு. டெட்லைன் நவம்பர் 30. அது வார இறுதியில் வந்தால் ஓரிரு நாள் தள்ளிவைப்பார்கள். நேரம் பசிபிக் நேரப்படி. காமன் ஆப்பில் உங்கள் உள்ளூர் நேரப்படி இரவு 11:59.

மறுபயன்பாடு

இருபது விடைகளையும் புதிதாக எழுத யாராலும் முடியாது. ஸ்ப்ரெட்ஷீட்டில் "வகை" பத்தி அதற்குத்தான். சமூகக் கேள்வி நான்கு இருந்தால், மிக நீளமான வரம்புக்கு ஒன்றை எழுதி, மற்றவற்றுக்குச் சுருக்குங்கள். சுருக்குவது எளிது, நீட்டினால் தண்ணீர் சேரும். ஆனால் ஒவ்வொரு முறையும் கேள்வியின் வினைச்சொற்களை அடிக்கோடிட்டு, அத்தனைக்கும் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். "விவரியுங்கள்" என்பதும் "எதைக் கற்றீர்கள்" என்பதும் வேறு வேறு. "ஏன் எங்கள் கல்லூரி" விடையை மட்டும் மறுபயன்பாட்டில் சேர்க்கவே வேண்டாம்.

எழுதுவதும் வெட்டுவதும்

முதல் வரைவை வரம்பைப் பார்க்காமல் எழுதுங்கள். 250 சொல் விடைக்கு 400 வந்தால் நல்லது. இரண்டு நாள் தொடாமல் வையுங்கள். பிறகு வெட்டுங்கள். பெரும்பாலும் முதல் பத்தி முழுதும் போகும். உண்மையான தொடக்கம் இரண்டாம் பத்தியில் ஒளிந்திருக்கும். "சிறு வயதிலிருந்தே எனக்கு உயிரியலில் தணியாத ஆர்வம் உண்டு" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு, "பூஞ்சை பிடித்த ரொட்டியை அம்மாவுக்குத் தெரியாமல் பதினோரு நாள் மேசை டிராயரில் வைத்திருந்தேன்" என்று தொடங்கினால், ஆர்வம் என்ற சொல்லே தேவைப்படாது.

வரம்பில் தொண்ணூறு சதவீதமாவது நிரப்ப முயலுங்கள். 300 சொல் இடத்தில் 140 எழுதினால் அக்கறையின்மையாகத் தெரியும். விருப்பம் என்று குறிக்கப்பட்ட கட்டுரையையும், உங்களுக்குப் பொருந்தினால் எழுதுங்கள். பொருந்தாத அனுபவத்தைக் கேட்டிருந்தால் காலியாக விடுவதில் தவறே இல்லை. நோய், பள்ளி மாற்றம் போன்ற விளக்கங்களை எஸ்ஸேக்குள் திணிக்காதீர்கள். அவற்றுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. கூடுதல் தகவல் பகுதியின் வரம்பு 2025–26 சுற்றிலிருந்து 300 சொல்லாகக் குறைந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு பேரிடம் மட்டும் காட்டுங்கள்: உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர், ஆங்கில நடையைப் பார்க்கத் தெரிந்த ஒருவர். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இதைப் படித்ததும் என்னைப் பற்றி என்ன தெரிந்தது? எந்த வரியில் கவனம் சிதறியது?" என்று கேளுங்கள். அவர் சொன்னது நீங்கள் சொல்ல நினைத்தது இல்லையென்றால், பழுது உங்கள் விடையில்.

ஏஐ கருவிகளைப் பற்றி: அவை எழுதிய உள்ளடக்கத்தைச் சொந்தமாகக் காட்டுவதைக் காமன் ஆப் மோசடி என்றே வரையறுக்கிறது. சில கல்லூரிகள் இலக்கணச் சரிபார்ப்பை அனுமதிக்கும், சில அதற்குமேல் விடும், சில எதையும் ஏற்காது. ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் தனியே படியுங்கள். டியூக் பல்கலைக்கழகம் 2024இல் கட்டுரைகளுக்கு எண் மதிப்பெண் இடுவதையே நிறுத்தியது. வெளியாட்களும் ஏஐயும் எழுதித் தருவது பெருகியது அதற்கு ஒரு காரணம். பெற்றோர் திருத்தும்போதும் இதே எல்லை பொருந்தும். நாற்பது வயதுக்காரரின் சொற்றொடர் பதினேழு வயதுப் பிள்ளையின் விடையில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

அனுப்புவது

டெட்லைனுக்கு மூன்று நாள் முன்பே அனுப்பத் திட்டமிடுங்கள். கடைசி இரவில் தளம் மெதுவாகும், கட்டணம் செலுத்தும் கார்டு மறுக்கப்படும். வேர்டிலிருந்து ஒட்டும்போது பத்தி இடைவெளிகள் கலையலாம், மேற்கோள் குறிகள் மாறலாம். பெட்டியில் ஒட்டிய பிறகு பிடிஎஃப் முன்னோட்டத்தைத் திறந்து முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை வாய்விட்டுப் படியுங்கள். மற்ற கல்லூரிகளின் பெயர்களையும் செல்லப்பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.

ரைட்டிங் சப்ளிமென்ட் தனியாக இருக்கும் கல்லூரிகளில் அதற்குத் தனியாகச் சப்மிட் அழுத்த வேண்டும். முக்கிய விண்ணப்பம் போய்விட்டதே என்று இதை மறப்பவர்கள் உண்டு. டேஷ்போர்டில் இரண்டும் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். முதன்மைக் கட்டுரையை அடுத்த கல்லூரிக்கு முன் திருத்தலாம். அனுப்பிய சப்ளிமென்டைத் தொட முடியாது. அனுப்பிய பிடிஎஃபை ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு கோப்புறையில் சேமியுங்கள்.

பிறகு ஓர் எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள். வேறு கல்லூரியின் பெயர் போய்விட்டது, அல்லது ஒரு பத்தியே விடுபட்டுவிட்டது என்றால், அட்மிஷன் அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிச் சரியான பிரதியை இணைக்கலாமா என்று கேளுங்கள், அல்லது கல்லூரியின் போர்ட்டலில் பதிவேற்ற வசதி இருந்தால் அதில் போடுங்கள். நீண்ட மன்னிப்பும் விளக்கமும் வேண்டாம். பெயர், விண்ணப்ப எண், எந்த விடை, இணைப்பு, இவ்வளவு இருந்தால் அவர்கள் கோப்பில் சேர்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.